கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை விண்ணுக்குப் போன வாரம்

திருவண்ணாமலைக்கு நான் சாமி கும்பிடப் போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மலேசியாவில், ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லீவு கேட்டபோது எங்கள் மேலாளர், "எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீனர் அவர். அவருக்குக்கூட இந்த ஊர் பெயர் தெரிந்திருக்கிறது.

நான் போனது ஜெயந்திக்காக. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் படித்த காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தவள். படிப்பு முடிந்ததும் நான் மலேசியா திரும்பிவிட்டேன். அவள் அங்கேயே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் ஊர் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைக்குப் பக்கம். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். மல்லாட்டை போடுவார். அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். நாங்கள் கச்சாங் என்போம். ஃப்ளோரிடா வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடந்த முதல் சண்டையே இந்தப் பெயரைப் பற்றித்தான்.

அவள் ஆராய்ச்சியும் மல்லாட்டையைப் பற்றியதுதான். கடலைச் செடி பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கிளம்பும். அது நேராகக் கீழே இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே போய்த்தான் காயாகும். எது கீழே என்று அதற்கு எப்படித் தெரிகிறது? மேல், கீழ் என்பதே இல்லாத இடத்தில் அந்த விழுது எந்தப் பக்கம் போகும்? இதைப் பார்க்க வேண்டுமானால் ஒரே வழிதான், செடியின் துண்டுகளை விண்வெளிக்கு அனுப்ப வேண்டும்.

பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, துணிமணி, கருவி எல்லாம் கீழேயிருந்து சரக்குக் கலத்தில்தான் போயாக வேண்டும். அப்படிப் போகும் ஒரு கலத்தில், டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்றுக்கு ஜெயந்திக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்காக அவள் பட்ட பாட்டை வருடக்கணக்காகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ராக்கெட் கிளம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"லதா, அப்பா குரலைக் கேட்டு ரொம்ப நாள் ஆச்சுடி. கேட்டா காய்ச்சல்னு சொல்றாங்க, தூங்குறாருன்னு சொல்றாங்க. எப்பக் கூப்பிட்டாலும் தூங்குவாரா ஒரு மனுஷன்?"

"நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடேன்."

"எப்படிப் போறது?"

அவளுக்கு இரண்டு தடைகள். ராக்கெட் ஏறும்வரை பெட்டிக்குப் புதுத் துண்டுகள் தயார் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிது விசா. அமெரிக்காவை விட்டு வெளியே வந்துவிட்டால், திரும்பிப் போகப் புது முத்திரை வாங்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும், கிடைக்குமா கிடைக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"உனக்குப் பக்கம்தானே. நீ போய்ப் பாரு. பார்த்துட்டு உள்ளதை உள்ளபடி சொல்லு," என்றாள்.

நான் போய் இறங்கிய நாள் பௌர்ணமி. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்தி, "எல்லாம் எறங்குங்க, இதுக்கு மேல வண்டி போவாது" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். தற்காலிக பஸ் நிலையம் என்ற பெயரில் ஒரு பொட்டல். பஸ்களுக்கு நடுவில் நான், என் சக்கரப் பெட்டி, மாலை வெயில்.

நான் போக வேண்டியது செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகை அறைக்கு. ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. சரி, நடக்கலாம் என்று இறங்கினால், கிரிவலம் போகிற கூட்டம் என்னை அப்படியே வாரிக்கொண்டது. எல்லோரும் வெறுங்காலோடு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நடக்கிறார்கள். நான் மட்டும் விமான நிலையச் சீட்டு ஒட்டிய பெட்டியை உருட்டிக்கொண்டு மலையைச் சுற்றுகிறேன். பினாங்கில் தைப்பூசக் கூட்டம் பார்த்தவள்தான் நான். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க ஒதுங்கி நிற்க ஒரு ஓரம் உண்டு. இங்கே ஓரமே கிடையாது.

ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா பெட்டியின் கைப்பிடியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் பேசினார். இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு நடப்பதாக என்ன வேண்டுதல் என்று கேட்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வேண்டுதல் எல்லாம் இல்லை, தோழியின் அப்பாவைப் பார்க்க வந்தேன் என்றேன். "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். தெரியவில்லை என்றேன். அவர் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மேலாளருடைய வேண்டுதல் அப்போதுதான் நினைவுக்கு வர, நானும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தங்கிய இடத்துக்குக் கீழே ஒரு காபிக் கடை. சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள், பருத்திச் சட்டையில் ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மேசை ஜெர்மன் அம்மா, "உங்களை எது இங்கே அழைத்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். ஒரு தோழி போன் செய்தாள் என்றேன். அவர் அதற்கும் ஏதோ ஆழமான அர்த்தம் இருப்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு எங்கள் ஊர் இழுத்த டீ, ஒரு தே தாரிக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஃபில்டர் காபிதான் கிடைத்தது. மோசமில்லை.

ரகு வேனோடு வந்து நின்றான். ஜெயந்தியின் அத்தை மகன். கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டுகிறவன். "வாங்கக்கா" என்று முன் சீட்டைத் துடைத்துவிட்டான். வழியெல்லாம் மலேசியாவில் டீசல் என்ன விலை, டிரைவருக்கு என்ன மரியாதை என்று விசாரித்துக்கொண்டே வந்தான். ஊரைத் தாண்டுவதற்கு முன் வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினான். டீ சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, மாமா வூட்ல இல்ல."

"பின்ன எங்க?"

"இங்க டவுன்லயே ஆஸ்பத்திரில. வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு. பேச்சும் வரல. ஜெயந்திகிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தை எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. உங்களையும் நேரா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மாமா சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிருக்காருன்னு சொல்லிச் சாப்பாடு போட்டு அனுப்பச் சொன்னாங்க. என்னால முடியலக்கா."

"வண்டியைத் திருப்பு ரகு," என்றேன்.

ஜெயந்தியின் அப்பாவை, நான் ஏழுமலை அப்பா என்று கூப்பிடுகிறவரை, போனில் நிறைய முறை பார்த்திருக்கிறேன். வயலில் நின்றுகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னாம்மா, மலேசியாவுல மழையா?" என்று கேட்கிறவர். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் வேறு யாரோ என்று நினைத்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. ஏதோ சொல்ல வந்தார். சொல் வரவில்லை, மூச்சுதான் வந்தது.

ஜெயந்தியின் அம்மா அஞ்சலை, ரகுவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஜன்னல் திண்டில் தூக்குப் பாத்திரம் வைத்திருந்தார். கேழ்வரகுக் களி, புளிச்சக் கீரை. முதலில் என்னைச் சாப்பிட வைத்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் மென்றதைப் பார்த்து அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகை.

"அவகிட்ட சொல்லிடாதம்மா. அந்த ராக்கெட்டு போவட்டும். எத்தினி வருசம் அதுக்காகத் தூக்கம் இல்லாம கெடந்தா. இப்பச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. அப்பறம் திரும்பப் போவ வுட மாட்டாங்களாமே? எம்பொண்ணு பொழப்பு எங்களால கெட வேணாம்."

"அம்மா, நான் அவளுக்கு உள்ளதைச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

"ராக்கெட்டு போனப்பறம் சொல்லு. இன்னும் ரெண்டு நாளு. டாக்டரு உசிருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

அவர் சொன்னதில் தப்பு என்று எதைப் பிடிப்பது? அன்று சாயங்காலம் ஜெயந்தி கூப்பிட்டாள். நான் மழுப்பினேன். பௌர்ணமிக் கூட்டம், வண்டி சரியாகக் கிடைக்கவில்லை, நாளைக்குத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றேன். அவளும் தன் கவலையிலேயே இருந்தாள். ஏவுதளத்துக்கு மேல் இடி மேகம், ராக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். உள்ளே வைத்த துண்டுகள் வாடிவிடும், அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். "மேகம் கலைஞ்சா போயிடும்டி," என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு இட்லி இறங்கவில்லை. இந்த ஊர் மல்லாட்டைச் சட்னிக்கு அது பெரிய அவமரியாதை.

மறுநாள் காலை அஞ்சலையம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனார். நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏழுமலை அப்பா கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா ஒரு முடிவு எடுத்திருக்கிறார், ரகு கட்டுப்பட்டிருக்கிறான், நான் மழுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த மனிதரை யாருமே கேட்கவில்லை. பேச முடியாதவருக்கு விருப்பம் மட்டும் இல்லாமல் போய்விடுமா?

"அப்பா," என்று அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். "ஜெயந்திகிட்ட நான் சொல்லட்டுமா? அவ வரணுமா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்து நான் எழப் போனேன். இடது கை மெல்ல ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மண்வெட்டி பிடித்த கை. அது பிடித்த பிடி எனக்கு வலித்தது. முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. தோள் குலுங்கியது.

நான் வராந்தாவுக்குப் போய் ஜெயந்தியைக் கூப்பிட்டேன். எதையும் விடாமல் சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதை முதலில் சொன்னேன், அம்மா ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னேன், மணிக்கட்டைப் பிடித்ததைக் கடைசியில் சொன்னேன்.

"அப்பா கையைப் புடிச்சாரா?" என்றாள்.

"புடிச்சார்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் திரும்ப அழைத்தபோது அவள் குரலில் அழுகை இல்லை, அவசரம்தான் இருந்தது. புதுத் துண்டுகளை வெட்டிப் பெட்டியில் அடுக்கி, மூடி, கலத்தில் ஏற்றுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டாளாம். இன்னொரு தடவை தள்ளிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று கூட வேலை செய்யும் பெண்ணுக்குச் செய்து காட்டிவிட்டாளாம். விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"விசா?"

"பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன். படமெல்லாம் எனக்கு அனுப்பறேன்னு சொன்னாரு. திரும்பப் போக முடிஞ்சா போறேன். முடியலைன்னா ஊர்லயிருந்தே பார்த்துக்கறேன். அம்மாகிட்ட இப்பச் சொல்லாத. பதறுவாங்க."

ஆக, மகளிடம் எதையும் மறைக்க மாட்டேன் என்று வந்த நான், இப்போது தாயிடம் மறைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் சாயங்காலம் ராக்கெட் கிளம்பியது. ஃப்ளோரிடாவில் அப்போது காலை. ஜெயந்தி எங்கேயோ கடலுக்கு மேலே, போன் எடுபடாத விமானத்துக்குள் இருந்தாள். ரகு தன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துக் கட்டிலுக்கு எதிரே வைத்தான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து நின்றார். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸும் நின்றுவிட்டார். அஞ்சலையம்மா சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "ஜெயந்தி அங்க நிக்கிறாளா, தெரியுதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் குனிந்து போனைச் சரி செய்வதுபோல் பாவனை செய்தேன்.

ஒளிபரப்பில் ஒரு பெண் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வானிலை சரியாக இருக்கிறது, எரிபொருள் ஏற்றி முடிந்தது, இனி எண்ண வேண்டியதுதான் என்றாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல நர்ஸ் அதை ஏழுமலை அப்பாவின் காதருகே திருப்பிச் சொன்னார். புகை. வெளிச்சம். பிறகு அந்த வெள்ளைத் தூண் எழும்பியது.

மேலே போனதும் ராக்கெட் இரண்டாகப் பிரிந்தது. மேல் பகுதி கலத்தைத் தூக்கிக்கொண்டு போக, அடிப்பகுதி தனியாகத் திரும்பியது.

"ஐயோ, உடைஞ்சு வுழுது!" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா.

"விழலைம்மா, வருது," என்றேன்.

அது வந்த வழியே இறங்கி, நெருப்பைக் கக்கி வேகத்தைக் குறைத்து, கால்களை விரித்துத் தரையில் நின்றது. ரகு தொடையில் தட்டினான். "தோ! சவாரிய எறக்கிட்டு ஸ்டாண்டுக்கு வந்துட்டான் பாரு!"

"இதுவே மறுபடியும் போவுமா?" என்று நர்ஸ் கேட்டார்.

"போகும். சுத்தம் பண்ணி, எல்லாத்தையும் பார்த்துச் சரி பண்ணி, அடுத்த சரக்குக்கு இதையேதான் அனுப்புவாங்க. முன்னெல்லாம் ஒரு தடவை போனா கடலோட போச்சு. இப்படித் திரும்பி வர்றதாலதான் அடிக்கடி சரக்கு அனுப்ப முடியுது. ஜெயந்தி மாதிரி ஆளுங்களுக்கும் அதுல இடம் கிடைக்குது."

"எஃப்.சி. காட்டணுமாக்கா?" என்றான் ரகு. வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்த் திண்டாடுகிறவனுக்கு அதுதானே கவலை. ஏழுமலை அப்பாவின் வாய் சரியாக இருந்த பக்கம் சிரித்தது. ஆஸ்பத்திரியில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அஞ்சலையம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லிடலாம்மா அவகிட்ட. போன் போடு" என்றார்.

இனி எதை மழுப்புவது? "அம்மா, அவளுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன். அவ கிளம்பி வந்துக்கிட்டு இருக்கா," என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேனேம்மா. எங்க வூட்டு விசயத்துல நீ யாரு முடிவு பண்றதுக்கு?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா மெதுவாக நகர்ந்துவிட்டார். ஏழுமலை அப்பாவைக் கேட்டேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் பேச்சில்லை. ஆனால் மறுநாள் காலையில் ரகுவிடம் எனக்கும் சேர்த்து இட்லி கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஜெயந்தி அன்று மத்தியானம் வந்தாள். தலை கலைந்து, சட்டையில் காபி கொட்டி, பெட்டி ஏதோ விமான நிலையத்தில் தங்கிவிட, வெறும் தோள்பையோடு வந்தாள். வாசலில் நின்ற அம்மாவைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போய், அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் ஒரு சத்தம் போட்டார். அது சொல்லாக இல்லை. ஆனால் அவள் பெயர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"ஏன்டி வந்த?" என்று அஞ்சலையம்மா அவள் முதுகில் ஓர் அடி வைத்தார். அடித்த கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். சொல்லிக்கொண்டு போக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தம்பி வந்திருந்தார். "இன்னிக்கு அய்யாவ நிக்க வெச்சுப் பாக்கலாம். ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர் புடிச்சுக்குங்க. நான் முன்னால இருக்கேன்," என்றார். வலது பக்கம் ஜெயந்தி போனாள். இடது பக்கம் அஞ்சலையம்மா. நான் கதவோரம் பையோடு நின்றேன்.

அஞ்சலையம்மா அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்தவர், நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பையைக் கீழ வெச்சுட்டு நீ வாம்மா. நீ இந்தப் பக்கம் புடி. எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு."

அவருக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஜெயந்திக்கும் தெரியும். நான் பையை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். "ஒண்ணு, ரெண்டு, எழுந்துருங்கய்யா" என்றார் அந்தத் தம்பி. பாரம் முழுக்க எங்கள் தோளில் வந்தது. அவர் முழங்கால் நடுங்கியது, பாதம் ஒரு முறை வழுக்கியது, ஜெயந்தி தன் காலால் அதை நிறுத்தினாள். மெத்தை மேலே அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஏழுமலை அப்பா நின்றார். கண்ணாடி ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார்.

உட்கார வைத்ததும் நாங்கள் எல்லோரும் வியர்த்திருந்தோம். அஞ்சலையம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார், பிறகு அதே முந்தானையால் என் நெற்றியையும் துடைத்தார்.

ஜெயந்தி அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தாள். பேராசிரியர் ஒரு படம் அனுப்பியிருந்தார், சரக்குக் கலம் விண்வெளி நிலையத்தோடு ஒட்டி நின்றது.

"போய்ச் சேர்ந்துடுச்சும்மா," என்றாள்.

"எது?" என்றார் அஞ்சலையம்மா.